படைப்புழு: எந்த மருந்துன்னு கேட்கும் முன்னாடி எத்தனாவது நாள்ன்னு கேளுங்க

புரட்டாசி மழையை எதிர்பார்த்து நம்ம கரிசல் கொல்லைகள் உழுது கிடக்கின்றன. ஈரம் கண்டதும் பெரம்பலூர், அரியலூர் பக்கம் பாதிக்கு மேல் கொல்லைகளில் மக்காச்சோளம்தான் ஊன்றுவார்கள். ஊன்றி மூன்று வாரம் ஆனதும் என் கைப்பேசி ஓயாமல் அடிக்க ஆரம்பிக்கும். பேசுகிற ஆள் மாறினாலும் கேள்வி மாறாது. "அண்ணே, குருத்துல புழு விழுந்துருச்சு. இயற்கையில என்ன அடிக்கலாம்?"

"புழு எவ்வளவு நீளம் இருக்கு?" என்று நான் கேட்பேன்.

"சுண்டுவிரல்ல பாதிக்கு மேல இருக்குண்ணே. குருத்தைத் தின்னு தூள் தூளா தள்ளியிருக்கு."

அந்த நீளத்துக்கு வந்துவிட்ட புழுவுக்கு இயற்கையில் மட்டுமில்லை, கடையில் விற்கிற விஷத்திலும் சரியான பதில் கிடையாது. நம்ம இயக்கக் கூட்டங்களில் கரைசல் செய்முறைகளை நிறையப் பேசுகிறோம். ஐந்திலைக் கரைசல், இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல், அக்னி அஸ்திரம் என்று நோட்டுப் புத்தகம் நிறைய எழுதி வைத்திருக்கிறோம். அதையெல்லாம் எந்த நாளில் தெளிக்கணும் என்ற பேச்சு மட்டும் குறைவு. படைப்புழுவில் அந்த நாள் தெரியாவிட்டால் எந்தக் கரைசலும் வேலை செய்யாது. அதனால் இந்த இதழில் கரைசலைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, இந்தப் பூச்சி எப்படிப் பிறந்து வளர்ந்து பறக்கிறது என்ற கதையைச் சொல்கிறேன்.

எங்கிருந்து வந்தது

இது நம்ம ஊர்ப் பூச்சி இல்லை. நிலக்கடலையிலும் ஆமணக்கிலும் நாம் பார்த்துப் பழகிய புரொடீனியாப் புழுவுக்கு இது பங்காளி. ஆனால் இதன் பிறந்த ஊர் அமெரிக்கக் கண்டம். அங்கே உறைபனி காலத்தில் இதனால் உயிரோடு இருக்க முடியாது. குளிரைத் தாண்டுவதற்காகத் தூங்கிக் கிடக்கிற பழக்கம் இதற்குக் கிடையாது. அதனால் அமெரிக்காவின் தென்கோடியில் புளோரிடா, டெக்சாஸ் பக்கம் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, வருஷா வருஷம் வெயில் வந்ததும் வடக்கே கனடா வரைக்கும் பறந்து போகிறது. காற்று கூட இருந்தால் ஒரே ராத்திரியில் 100 கிலோமீட்டர் போகக்கூடிய பூச்சி இது.

2016ல் மேற்கு ஆப்பிரிக்காவில் முதலில் கண்டுபிடித்தார்கள். இரண்டே வருஷத்தில், 2018 மே மாதம், கர்நாடகாவில் சிவமொக்கா பக்கம் மக்காச்சோளத்தில் கண்டார்கள். அந்த வருஷப் பட்டத்திலேயே நம்ம கொல்லைக்கும் வந்துவிட்டது. அந்த வருஷம் புழு விழுந்த கொல்லைகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. குத்தகைக்குப் பிடித்த மானாவாரி நிலத்தில் நாலு முறை, ஐந்து முறை கடனுக்கு மருந்து வாங்கி அடித்தவர்கள் இருந்தார்கள். மருந்துக்கடைப் பாக்கி மக்காச்சோளம் விற்ற காசை விட அதிகமாகப் போன வீடும் உண்டு.

நம்ம ஊரில் உறைபனி இல்லை. அதனால் வருஷம் முழுக்க அதற்குச் சாப்பாடும் இருக்கிறது, சூடும் இருக்கிறது. ஒரு தடவை வந்தது, தங்கிவிட்டது. இனி இதை ஒழிப்போம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கூடவே வாழ்ந்துகொண்டு, மகசூலை விட்டுக்கொடுக்காமல் இருக்கிற வழியைத்தான் பார்க்கணும்.

நாள் கணக்கு

தாய் அந்துப்பூச்சி ராத்திரி நடமாட்டக்காரி. பகலில் இலை இடுக்கில், களைக்குள் ஒளிந்திருக்கும். அதனால்தான் அது நம் கண்ணில் படுவதே இல்லை. இறக்கையை விரித்தால் மூன்றரை, நாலு சென்டிமீட்டர். பெண் பூச்சி மங்கின சாம்பல் நிறம், அடையாளம் சொல்வது கஷ்டம். ஆண் பூச்சிக்கு முன் இறக்கை நுனியில் வெள்ளைத் திட்டு ஒன்று பளிச்சென்று தெரியும்.

கூட்டிலிருந்து வெளியே வந்து மூன்று நாலு நாளில் பெண் பூச்சி முட்டை போட ஆரம்பிக்கிறது. ஒரு குவியலில் 100 முதல் 200 முட்டை. தன் ஆயுளில் ஒரு தாய் சராசரியாக 1500 முட்டை வரை போடும். போட்டதோடு விடாது. தன் வயிற்றுச் செதில்களை உதிர்த்து முட்டைக் குவியலை மூடிவிடும். இலையில் பூஞ்சணம் பிடித்தது போல, அழுக்குப் பஞ்சு ஒட்டினது போல இருப்பதைப் பார்த்து நாமும் பூஞ்சணம் என்றே நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறோம். நகத்தால் சுரண்டிப் பாருங்க, உள்ளே கசகசா மாதிரி முட்டை இருக்கும். அந்த இடத்திலேயே விரலால் நசுக்கிவிட்டால் நூற்றுக்கணக்கான புழு ஒரே நொடியில் போச்சு. இதை விட மலிவான பூச்சிக்கொல்லியை நான் இதுவரை பார்க்கவில்லை.

முட்டை இரண்டு மூன்று நாளில் பொரிந்துவிடும். பொரிந்த புழு ஒன்றரை மில்லிமீட்டர்தான் இருக்கும். முதலில் முட்டைத் தோலைத் தின்னும். பிறகு இலையின் பச்சையத்தை மட்டும் சுரண்டும். தோல் அப்படியே நிற்கும், வெயிலுக்கு எதிரே பிடித்தால் கண்ணாடிக் காகிதம் மாதிரி தெரியும். சில குட்டிப் புழுக்கள் நூல் விட்டுத் தொங்கி, காற்றில் ஊஞ்சலாடி அடுத்த செடிக்குப் போகும். ஒரே செடியில் முட்டை, பத்து செடியில் புழு என்பது இப்படித்தான் நடக்கிறது.

அப்புறம் தோலை உரித்து உரித்து வளரும். மொத்தம் ஆறு பருவம். இந்த ஆறு பருவத்திலும் அது எவ்வளவு தின்கிறது என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ரொம்ப நாள் முன்பே அளந்து வைத்திருக்கிறார்கள். இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் இந்தக் கணக்கை மறக்காதீங்க. ஒரு புழு தன் வாழ்நாளில் தின்கிற இலையை 100 பங்கு என்று வைத்தால், முதல் பருவத்தில் தின்பது 0.1 பங்கு. இரண்டாவதில் 0.6, மூன்றாவதில் 1.1, நாலாவதில் 4.7, ஐந்தாவதில் 16.3. ஆறாவது பருவத்தில் மட்டும் 77.2 பங்கு.

முதல் மூன்று பருவமும் சேர்த்து 2 பங்கு கூட இல்லை! கடைசி இரண்டு பருவத்தில் 93 பங்குக்கு மேல் உள்ளே போய்விடுகிறது. அந்த ஆறாவது பருவம் எத்தனை நாள் நீடிக்கிறது தெரியுமா? 25 டிகிரி வெப்பத்தில் நாலு நாளுக்கும் கொஞ்சம் குறைவு. முதல் மூன்று பருவத்துக்கும் சேர்த்து ஆறரை நாள். "நேத்து வரைக்கும் நல்லாத்தாண்ணே இருந்துச்சு, ரெண்டு நாள்ல மொத்தமா தின்னுருச்சு" என்று எல்லாரும் சொல்வது பொய் இல்லை. ஆனால் புழு நேற்று வரவில்லை. பத்து நாளாக உள்ளேதான் இருந்தது. தின்கிற அளவு குறைவாக இருந்ததால் நம் கண்ணுக்குப் படவில்லை.

ஆக, நமக்குக் கிடைக்கிற அவகாசம் முட்டைக்கு மூன்று நாள், குட்டிப் புழுவுக்கு ஆறேழு நாள். நம்ம ஊர் வெயிலுக்கு இன்னும் ஒன்றிரண்டு நாள் குறையும். வாரம் ஒரு முறை கொல்லைக்குப் போகிறவருக்கு இந்த அவகாசம் சுலபமாகத் தப்பிப் போகும். ஊன்றின முதல் 40 நாள் வாரத்துக்கு இரண்டு முறை போயே ஆகணும்.

மூன்றாவது பருவத்துக்கு மேல் புழு குருத்துக்குள் இறங்கிவிடும். தன் கழிவாலேயே குருத்து வாயை அடைத்துக்கொள்ளும். மரத்தூள் மாதிரி இருக்குமே, அதுதான். அது அதற்குக் கதவு மாதிரி. மேலிருந்து புகை மாதிரி அடிக்கிற மருந்து அந்தக் கதவைத் தாண்டிப் போகாது. இன்னொரு குணம், ஒன்றையொன்று தின்பது. 100 முட்டை பொரிந்தாலும் கடைசியில் ஒரு குருத்தில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு புழுதான் இருக்கும். மற்றதையெல்லாம் அண்ணன் தம்பியே தின்று முடித்திருப்பார்கள்.

இரண்டு வாரம் தின்று முடித்ததும் செடியை விட்டு இறங்கி, மண்ணுக்குள் 2 முதல் 8 சென்டிமீட்டர் ஆழத்தில் கூட்டுப்புழுவாகும். எட்டு ஒன்பது நாளில் அந்துப்பூச்சியாக வெளியே வரும். மொத்தச் சுற்றும் சூடான மாதங்களில் ஏறக்குறைய 30 நாள்.

அடையாளத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்லாப் புழுவும் படைப்புழு இல்லை. தலையில் தலைகீழாகப் போட்ட ஆங்கில 'ஒய்' எழுத்து வெள்ளையாகத் தெரியும். பின்பக்கம் வால் முனைக்கு முந்தின கண்ணியில் நாலு கறுப்புப் புள்ளி சதுரமாக இருக்கும். இரண்டும் இருந்தால் அதுதான்.

பொறி பிடிக்கிறதுக்கா, எண்ணுறதுக்கா?

ஒரு சின்னக் கதை. 1959ல் ஜெர்மனியில் அடோல்ஃப் புட்டெனான்ட் என்ற வேதியியல் அறிஞரின் குழு, பெண் பட்டு அந்துப்பூச்சி ஆணைக் கூப்பிடுகிற வாசனைப் பொருளைப் பிரித்தெடுத்தது. அந்தத் துளிக்காக அவர்கள் பயன்படுத்திய பெண் பூச்சிகள் ஏறக்குறைய 5 லட்சம். வேலை நடந்தது 20 வருஷம். இன்றைக்கு நாம் வாங்கி மாட்டுகிற இனக்கவர்ச்சிப் பொறியின் தாத்தா அதுதான். பொறிக்குள் தொங்குகிற ரப்பர் குமிழில் பெண் பூச்சியின் வாசனை இருக்கிறது. ஆண் பூச்சி தேடி வந்து உள்ளே விழுகிறது.

ஆண் மட்டும்தான் விழும். முட்டை போடுகிற பெண் வெளியேதான் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு ஆண் பல பெண்ணோடு சேரும். அதனால் பொறியில் 20 விழுந்தாலும் வெளியே மிஞ்சின ஆண்கள் போதும். பக்கத்து ஊரில் சேர்ந்துவிட்டுப் பறந்து வருகிற பெண்ணுக்கு இங்கே ஆணே தேவையில்லை. "ஏக்கருக்கு அஞ்சு பொறி மாட்டிட்டேன், புழு குறையலையே" என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: அந்த அஞ்சு பொறி உங்களுக்குத் தகவல் சொல்ல வந்தது, சண்டை போட வரவில்லை. ஏக்கருக்கு 15 மாட்டிக் கூட்டமாகப் பிடிக்கலாம் என்றும் பரிந்துரை இருக்கிறது. ஊர் முழுக்கச் சேர்ந்து செய்தால் ஏதோ பலன் இருக்கலாம். ஒருத்தர் ஒரு ஏக்கரில் செய்தால் காசுதான் போகும் என்பது என் எண்ணம்.

தகவலுக்காக என்று எடுத்துக்கொண்டால் பொறியை மாதிரி நல்ல கணக்குப்பிள்ளை கிடையாது. பயிர் முளைக்கிற வாரமே மாட்டிவிடணும். பயிர் உயரத்துக்கு மேல் இருக்கும்படி ஏற்றிக்கொண்டே போகணும். தினமும் காலையில் எண்ணி நோட்டில் எழுதணும். முதல் பூச்சிகள் விழ ஆரம்பித்த அன்றைக்கே முட்டைக் குவியலைத் தேடக் கிளம்பணும். அங்கிருந்துதான் நம்ம நாள் கணக்கு ஓடுகிறது.

வாசனைக் குமிழ் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு அந்துப்பூச்சிக்கும் வாசனை தனி. பருத்திக் காய்ப்புழுவுக்கு வைத்த குமிழில் இது வராது. புரொடீனியாவுக்கு உண்டானதும் ஆகாது. கடையில் "படைப்புழு லூர்" என்று பொதுவாகக் கேட்காமல், ஸ்போடாப்டீரா புரூஜிபெர்டாவுக்கு உண்டானது என்று பெயர் சொல்லிக் கேளுங்க. பாக்கெட்டில் தேதி பாருங்க. மாதம் ஒரு முறை மாற்றணும்.

விளக்குப் பொறியில் ஆணும் பெண்ணும் விழும். ஆனால் நல்ல பூச்சிகளும் விழும். ராத்திரி முழுக்க எரியவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ராத்திரியில் இந்த அந்துப்பூச்சியை வேட்டையாட ஏற்கெனவே ஒருத்தர் இருக்கிறார், வௌவால். வௌவால் எழுப்புகிற ஒலியைக் கேட்டுத் தப்பிப்பதற்காகவே இந்தக் குடும்பத்து அந்துப்பூச்சிகளுக்கு நெஞ்சில் காது இருக்கிறது. ஒரு காதுக்கு ஒலியை உணரும் செல் இரண்டே இரண்டு. அதை வைத்துக்கொண்டு திசை மாற்றிப் பறந்து தப்பிக்கப் பார்க்கும். ஊர்க் கோயில் ஆலமரத்து வௌவாலையும் பழைய மண்டபத்து வௌவாலையும் விரட்டாமல் இருங்க. சின்ன வகை வௌவால்கள்தான் பூச்சி தின்பவை.

கரைசலும் கிருமியும் எப்படி வேலை செய்கின்றன

வேப்பங்கொட்டைக் கரைசலை எடுத்துக்கொள்வோம். 5 கிலோ பருப்பை இடித்து ராத்திரி 10 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து 100 லிட்டர் ஆக்குவது நமக்கெல்லாம் தெரியும். இதில் இருக்கிற அசாடிராக்டின் என்ற பொருள் புழுவை அடித்துக் கொல்வதில்லை. ஒன்று, தின்ன விடாமல் செய்கிறது. இன்னொன்று, தோலுரிக்கிற வேலையைக் கெடுக்கிறது. தோல் உரிக்க முடியாத புழு அப்படியே செத்துப்போகும். இப்போ யோசிங்க. இன்னும் நாலைந்து முறை தோல் உரிக்க வேண்டிய குட்டிப் புழுவிடம் இது எப்படி வேலை செய்யும், உரிக்க வேண்டியதையெல்லாம் உரித்து முடித்துவிட்டு நாளைக்கு மண்ணுக்குள் போகப்போகிற பெரிய புழுவிடம் எப்படி வேலை செய்யும்? வேப்பங்கொட்டை வேலை செய்யவில்லை என்று சொல்கிற முக்கால்வாசிப் பேர் பெரிய புழுவின் மேல் தெளித்தவர்கள்.

பி.டி. பாக்டீரியாவும் அப்படித்தான். தெளித்தால் மேலே பட்டுச் சாகாது, புழு அதைத் தின்னணும். தின்றால் அதன் குடலில் இருக்கிற காரத்தன்மையில் பாக்டீரியாவின் படிகம் கரைந்து குடல் சுவரை ஓட்டை போடுகிறது. புழு சில மணி நேரத்தில் தின்பதை நிறுத்தும், சாக இரண்டு மூன்று நாள் ஆகும். பெரிய புழு இதைத் தாங்கிக்கொள்ளும். வெயிலில் இது சீக்கிரம் கெட்டுப்போகும், அதனால் சாயங்காலம் தெளிக்கணும். பி.டி. தெளிப்பதும் பி.டி. மக்காச்சோள விதை போடுவதும் ஒன்று இல்லை. அந்த விதை வந்தால் படைப்புழு தீரும் என்று பேசுகிறவர்கள் போர்ட்டோரிக்கோவைப் பார்க்கட்டும். அங்கே கிரை1எஃப் நச்சு கொண்ட பி.டி. மக்காச்சோளத்தைத் தின்றும் சாகாத படைப்புழுவை 2006லேயே வயலில் கண்டார்கள். பிரேசிலிலும் அதே கதை நடந்தது. செடியின் எல்லாப் பாகத்திலும், எல்லா நாளும் விஷம் இருந்தால் தாங்குகிற புழு மட்டும் மிஞ்சிப் பெருகும்.

எனக்கு இவை எல்லாவற்றையும் விடப் பிடித்தது பூஞ்சணம். மழை மூட்டமாக இருக்கும் நாட்களில் குருத்தைப் பிரித்துப் பார்த்தால் சில புழு விறைத்துப் போய், வெள்ளைப் பொடி பூசினது மாதிரி, பிறகு வெளிர் பச்சையாக இருப்பதைப் பார்த்திருப்பீங்க. அது மெட்டாரைசியம் ரிலேயி. முன்பு நொமூரியா ரிலேயி என்பார்கள். படைப்புழு கர்நாடகாவுக்கு வந்த முதல் வருஷமே இந்தப் பூஞ்சணம் அதைப் பிடித்திருந்ததை ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்தார்கள். யாரும் கொண்டுவந்து விடவில்லை, ஏற்கெனவே நம்ம மண்ணில் இருந்தது. அப்படிச் செத்த புழுவைப் பிடுங்கி எறியாதீங்க. அமெரிக்கக் கண்டத்துச் சிறு விவசாயிகள் இப்படி நோய் வந்து செத்த புழுக்களைப் பொறுக்கி, அரைத்து, வடிகட்டி, தண்ணீரில் கலந்து மறுபடி குருத்தில் ஊற்றுகிறார்கள். கடையில் வாங்கினால் லிட்டருக்கு 5 கிராம் கலந்து சாயங்காலம் குருத்துக்குள் ஊற்றணும். காற்றில் ஈரம் இல்லாவிட்டால் இது முளைக்காது. அதனால் மழைக்கால மக்காச்சோளத்துக்குத்தான் இது பொருத்தம், கோடை இறவைக்கு அவ்வளவாகச் சொல்லமாட்டேன்.

முட்டையிலேயே பிடிக்கிற ஒட்டுண்ணிக் குளவிகளும் உண்டு. டிரைக்கோகிரம்மா அட்டை நம்ம ஆட்களுக்குக் கரும்பிலிருந்தே பழக்கம். அந்த அட்டையில் ஒட்டியிருப்பது அரிசி அந்துப்பூச்சியின் முட்டை. ஒரு அந்துப்பூச்சியின் முட்டையில் வளர்ந்த குளவியை இன்னொரு அந்துப்பூச்சியின் மேல் ஏவுகிறோம்! ஏக்கருக்கு வாரம் 50,000 என்பது பரிந்துரை. ஆனால் படைப்புழு முட்டை அடுக்கடுக்காக இருக்கும், மேலே செதில் மூடி வேறு. டிரைக்கோகிரம்மா மேலடுக்கோடு நின்றுவிடும். டெலினோமஸ் ரீமஸ் என்ற குளவி அடி அடுக்கு வரை போகும். அது கிடைத்தால் அதையே வாங்குங்க. குளவி விடுவதென்றால் முட்டை இருக்கிற நாளில் விடணும். இங்கேயும் பொறி நோட்டுதான் வழி காட்டும். குளவி விட்ட கொல்லையில் விஷம் தெளித்தால் இரண்டு செலவும் வீண்.

செலவே இல்லாத ஒன்று, மணல். ஒன்பது பங்கு மணலுக்கு ஒரு பங்கு சுண்ணாம்புத் தூள் கலந்து, முதல் 30 நாளுக்குள் குருத்தில் ஒரு சிட்டிகை போடுவது. நம்ம நாட்டு வேளாண் துறையே இதைப் பரிந்துரைக்கிறது. ஆள் கூலி இடிக்கும் என்பது உண்மை. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர் வீட்டு ஆட்களோடு செய்யலாம். அஞ்சு ஏக்கர்க்காரருக்கு நான் சொல்லமாட்டேன்.

எப்போ அடிக்க வேண்டாம்

கொல்லையில் 'டபிள்யூ' எழுத்து மாதிரி நடந்து, ஐந்து இடத்தில் இடத்துக்கு 20 செடி பாருங்க. மொத்தம் 100 செடி, சதவீதம் போடக் கணக்கே வேண்டாம். புதுக் கடி இருக்கிற செடியை மட்டும் எண்ணணும். பழைய ஓட்டையை எண்ணக்கூடாது. முளைத்து மூன்று நாலு வாரம் வரை 100க்கு 5 செடி. அதற்கு மேல் குருத்துப் பருவத்தின் நடுவில் 10, குருத்துப் பருவத்தின் கடைசியில் 20. இந்த அளவைத் தாண்டினால்தான் தெளிப்பைப் பற்றி யோசிக்கணும். எட்டு வாரத்துக்கு மேல், ஆண் பூ வருகிற சமயத்தில் தெளிப்பதால் பெரிய லாபம் இல்லை. ஆள் உயரப் பயிருக்குள் நுழைந்து தலைக்கு மேல் விஷம் அடிக்கிறவர் அதைத் தானே சுவாசிக்கிறார், அவ்வளவுதான்.

இலை ஓட்டையைப் பார்த்துப் பதறுவதைப் பற்றியும் சொல்லணும். 2017ல் ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் விவசாயிகளிடம் எவ்வளவு மகசூல் போச்சு என்று கேட்டபோது சராசரியாக 45 சதவீதம் என்றார்கள். ஜிம்பாப்வே நாட்டில் ஆராய்ச்சியாளர்கள் வயலில் இறங்கி அளந்து 2019ல் வெளியிட்ட ஆய்வில், 32 முதல் 48 சதவீதம் செடியில் புழுத் தாக்குதல் இருந்தும் மகசூல் இழப்பு 12 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் வந்தது. நாடு வேறு, வருஷம் வேறு, இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் மக்காச்சோளத்துக்குத் தேறி வருகிற சக்தி நிறைய உண்டு. ஐந்தாறு இலை வரும் வரைக்கும் அதன் வளர்நுனி தரை மட்டத்திலோ அதற்குக் கீழோதான் இருக்கும். மேலே இலை கிழிந்தாலும் நுனி தப்பினால் தழைத்து வந்துவிடும். நுனியையே தின்று குருத்து காய்ந்தால்தான் அந்தச் செடி போச்சு. தொழு உரமும் ஈரமும் உள்ள மண்ணில் இந்தத் தேறுதல் சீக்கிரம் நடப்பதை நாம் பல கொல்லைகளில் பார்க்கிறோம்.

ஊன்றும் முன் செய்ய வேண்டியது

கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு. உழும்போது கூட்டுப்புழு மேலே வந்தால் மைனாவும் கரிச்சானும் பார்த்துக்கொள்ளும். ஏக்கருக்கு பத்து பறவை தாங்கி, ஊன்றின முதல் மாதத்துக்கு. ஊடுபயிராக உளுந்து அல்லது பாசிப்பயறு. வரப்போரம் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி. இதெல்லாம் சிலந்தி, பொறிவண்டு, குளவி தங்குவதற்கான வீடு.

கென்யாவில் பன்னாட்டுப் பூச்சி ஆராய்ச்சி மையமான இசிபே உருவாக்கின 'விரட்டி இழு' முறை இதிலே ஒரு படி மேலே போகிறது. மக்காச்சோளத்துக்கு நடுவே டெஸ்மோடியம் என்ற பயறுவகைத் தீவனம் வாசனையால் தாய்ப்பூச்சியை விரட்டும். சுற்றிலும் போட்ட தீவனப்புல் அதை இழுக்கும். கென்யா, உகாண்டா, தான்சானியாவில் 250 விவசாயிகளின் நிலத்தில் பார்த்தபோது செடிக்குச் செடி புழு எண்ணிக்கை 80 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்ததாக 2018ல் எழுதினார்கள். நம்மிடம் மாட்டுக்குக் கம்பு நேப்பியர் ஏற்கெனவே இருக்கிறது, அதை வரப்பு ஓரமாக வைத்துப் பார்க்கலாம். ஒன்று மட்டும், வேலிமசால் என்று நாம் வளர்ப்பது டெஸ்மாந்தஸ், அது டெஸ்மோடியம் இல்லை. பெயர் ஒரே மாதிரி இருப்பதால் சிலர் அதையே ஊன்றிவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஊர் ஒன்றாக ஊன்றுவது. ஒரு சுற்று 30 நாள் என்று பார்த்தோம். ஒருத்தர் முதல் மழைக்கு ஊன்றி, அடுத்தவர் 30 நாள் கழித்து ஊன்றினால், முதல் கொல்லையில் மண்ணுக்குள் போன கூட்டுப்புழு அந்துப்பூச்சியாக வெளியே வரும்போது பக்கத்துக் கொல்லையில் இளம் பயிர் தயாராக இருக்கும். முன்னால் ஊன்றினவருக்கு ஒரு தலைமுறைப் புழு, பின்னால் ஊன்றினவருக்கு அதன் பிள்ளைகள் எல்லாம். இது பூச்சியின் தப்பு இல்லை, நம்ம தேதியின் தப்பு. பத்து பன்னிரண்டு நாளுக்குள் ஊர் முழுக்க ஊன்றி முடித்தால் அடுத்த தலைமுறை வெளியே வருவதற்குள் எல்லார் பயிரும் முற்றியிருக்கும். போர் தண்ணீர் இருக்கிறது என்று தை, மாசியில் மறுபடி மக்காச்சோளம் போடுகிறவரிடமும் உட்கார்ந்து பேசணும். அந்த ஒரு கொல்லை அடுத்த புரட்டாசி வரைக்கும் ஊருக்கே பூச்சி வளர்க்கிற பண்ணையாகிவிடும். எள்ளோ உளுந்தோ போடச் சொல்லுங்க. விதை இல்லை என்றால் குழுவிலிருந்து கொடுங்க.

மழை விழுவதற்கு முன்னாலேயே, இந்த வாரத்திலேயே ஊர்ச் சாவடியில் அந்தத் தேதியைப் பேசி முடித்துவிடுங்க. ஈரம் கண்ட பிறகு யாரும் யார் பேச்சையும் கேட்கமாட்டாங்க.